பொலிஸ் நிலையங்களுக்கான பொது ஆதரவுச் சேவைகள்: அஸ்கிரிய மோப்பநாய்ப் பிரிவு

மாணவர்களே, குற்றமொன்றைக் கண்டறியத் தேவையான எல்லா வசதிகளும் ஒவ்வொரு பொலிஸ் நிலையத்திலும் இருப்பதில்லை. கூடிய செலவும் விசேட பயிற்சியும் வேண்டிய சேவைகளைத் தனிப் பிரிவுகள் வழங்க, பல நிலையங்கள் அவற்றைப் பகிர்ந்து பயன்படுத்துகின்றன. கண்டி, அஸ்கிரியவில் தலைமையகத்தைக் கொண்ட பொலிஸ் மோப்பநாய்ப் பிரிவு இதற்குச் சிறந்த உதாரணமாகும்.

பிரதான பணிகள்

1. குற்றம் நிகழ்ந்த இடத்திலிருந்து சந்தேகநபரின் மணத்தைப் பின்தொடர்தல்.
2. மறைத்து வைக்கப்பட்ட போதைப்பொருளைக் கண்டுபிடித்தல்.
3. வெடிபொருளைக் கண்டுபிடித்தல். 1998 சனவரி 25 இல் தலதா மாளிகை மீது நடத்தப்பட்ட குண்டுத் தாக்குதல் இப்பணியின் அவசியத்தை உணர்த்துகிறது.

பகிர்வதன் நன்மையும் குறைபாடும்

பேராதனை, கட்டுகஸ்தோட்டை போன்ற ஒவ்வொரு நிலையமும் நாய்களையும் பயிற்றுநரையும் மிருக வைத்தியரையும் தனித்தனியே வைத்திருப்பின் செலவு பன்மடங்காகும். பகிர்வதால் செலவு குறைகிறது. பயிற்சியின் தரமும் ஒரே சீராகிறது. ஆனால் நாய் வந்து சேரும் வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் மழையும் பலரின் காலடிகளும் மணத்தை அழித்துவிடலாம்.

எனவே உங்கள் வீட்டில் களவு நிகழ்ந்தால் எதையும் தொடாதீர்கள். அயலவர் உள்ளே கூடவும் இடமளியாதீர்கள். உடனே அருகிலுள்ள பொலிஸ் நிலையத்துக்கோ 119 இற்கோ அறிவியுங்கள்.

நினைவிற் கொள்க

• நாய் ஒருவரைச் சுட்டிக்காட்டியதால் மட்டும் அவர் குற்றவாளி ஆகமாட்டார், தீர்ப்பளிப்பது நீதிமன்றமே.
• அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களமும் விசாரணைகளுக்கு உதவுகிறது. ஆனால் அது பொலிஸின் ஒரு பிரிவன்று. தனியான அரச திணைக்களமாகும்.

பயிற்சி வினா: ஆதரவுச் சேவைகளைப் பகிர்வதால் ஏற்படும் நன்மைகள் இரண்டையும் குறைபாடு ஒன்றையும் எழுதுக.