வைனின் விலையும் சுவையும்: ரசனையின் சமூக அடிப்படை பற்றிய சில குறிப்புகள்

ரசனை பற்றிய மேலைத்தேயக் கோட்பாடுகளின் வரலாற்றிலே வைனுக்கு ஒரு தனியிடம் உண்டு. 1757ஆம் ஆண்டில் டேவிட் ஹியூம் எழுதிய ‘ரசனையின் அளவுகோல் பற்றி’ என்னும் கட்டுரையில், செர்வாண்டிஸின் ‘டொன் குவிக்ஸோட்’ நாவலிலிருந்து ஒரு கதை எடுத்தாளப்படுகிறது. சஞ்சோ பன்சாவின் உறவினர் இருவர் ஒரு பீப்பாய் வைனைச் சுவைத்துக் கருத்துக் கூறுமாறு கேட்கப்படுகின்றனர். வைன் நல்லதே, ஆயினும் சிறிது தோலின் சுவை தெரிகிறது என்கிறார் ஒருவர். இரும்பின் சுவை தெரிகிறது என்கிறார் மற்றவர். கூடியிருந்தோர் இருவரையும் எள்ளி நகையாடுகின்றனர். ஈற்றில் பீப்பாய் வெறுமையானபோது, அதன் அடியிலே தோல்வார் கட்டிய பழைய திறவுகோல் ஒன்று கிடக்கக் காண்கின்றனர்.

நுண்ணிய ரசனை என்பது பாசாங்கன்று, பொருளிலே உள்ள ஒன்றை உணரும் ஆற்றல் என்பதை நிறுவவே ஹியூம் இக்கதையைப் பயன்படுத்தினார். அந்த அளவில் அவர் கூற்று ஏற்கத்தக்கதே. ஆனால் அப்பீப்பாயின் விலை என்ன என்று கதையில் எவரும் கேட்பதில்லை. இன்றைய நிலை வேறு. சில டொலருக்கு ஒரு போத்தல் வைன் வாங்கலாம். 2018 ஒக்ரோபரில் நியூயோர்க்கில் நடைபெற்ற ஏலமொன்றிலே, 1945ஆம் ஆண்டைச் சேர்ந்த ரொமனே-கொன்ரி வைன் ஒரு போத்தல் 558,000 டொலருக்கு விலைபோயிற்று. இவ்விரண்டுக்கும் இடையிலான விலை வேறுபாடு சுவை வேறுபாட்டின் அளவாகுமா என்பதே இங்கு நாம் எழுப்பும் வினா. வினா மதுவைப் பற்றியதாயினும், தரம், ரசனை ஆகியன குறித்து இலக்கியத் துறையிலே நடைபெற்றுவரும் விவாதங்களுக்கும் அதன் விடை பயன்படக்கூடியது.

1. பரிசோதனைகள் கூறுவன

பெயரையும் விலையையும் மறைத்துவிட்டுச் சுவைக்கச் செய்தால் என்ன நிகழும்? 2008ஆம் ஆண்டில் ரொபின் கோல்ட்ஸ்ரீனும் அவர்தம் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு இவ்வகையான ஆறாயிரத்துக்கு மேற்பட்ட மதிப்பீடுகளை அடிப்படையாகக் கொண்டது. பயிற்சியற்ற சாதாரண மக்கள் விலைகூடிய வைன்களை விலைகுறைந்தவற்றைவிட அதிகமாக விரும்பவில்லை. உண்மையில் சற்றுக் குறைவாகவே விரும்பினர். வைன் பற்றிய பயிற்சி பெற்றோரிடத்து மாத்திரம் விலைக்கும் விருப்புக்கும் இடையே ஓரளவு இயைபு காணப்பட்டது.

அதே ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆய்வு, ஹில்க பிளாஸ்மனும் பிறரும் இருபது பேரிடம் நடத்தியது. ஒரே வைனை ஒருமுறை பத்து டொலர் என்றும் மறுமுறை தொண்ணூறு டொலர் என்றும் கூறிக் கொடுத்தனர். விலை கூடியதென நம்பியபோது அது கூடுதலான இன்பம் தந்ததாக அவர்கள் கூறினர். அது மட்டுமன்று, இன்ப உணர்வோடு தொடர்புடைய மூளைப் பகுதியின் செயற்பாடும் அதிகரித்தது. எனவே அவர்கள் பொய் கூறினர் என்று கொள்வதற்கில்லை. விலை என்னும் சமூக அடையாளம் புலனனுபவத்தின் உள்ளேயே புகுந்து தொழிற்படுகிறது.

வல்லுநர்தம் நாவும் பிழையற்றதன்று. கலிபோர்ணிய மாநிலக் கண்காட்சியின் நடுவர்களை ஆராய்ந்த ரொபேட் ஹொட்ஜ்சன், ஒரே போத்தலிலிருந்து ஊற்றிய வைனை அவர்கள் அறியாவண்ணம் மும்முறை வைத்துப் பார்த்தார். மூன்று முறையும் அதனை ஒரே தரத்துக்குள் வைத்தவர்கள் ஏறத்தாழப் பத்தில் ஒருவரே.

இவற்றைக் கண்டு, வைனின் தரம் என்பதே ஒரு மோசடி என முடிவுகட்டுவோரும் உளர். அது அவசர முடிபாகும். பிரின்ஸ்ரன் பல்கலைக்கழகப் பொருளியலாளர் ஓர்லி அஷன்ஃபெல்ரர், போர்தோ பிரதேசத்து வைன்களின் முதிர்ந்த நிலை விலைகளை அவ்வவ்வாண்டுக் காலநிலையோடு ஒப்பிட்டார். மழை மிகுந்த மாரி, வெப்பமான வளர்காலம், அறுவடையை ஒட்டிய வறட்சி ஆகியன அமைந்த ஆண்டுகளின் வைன் பிற்காலத்தில் உயர்ந்த விலை பெறுவதை அவர் காட்டினார். ஒரே தோட்டத்தின் ஆண்டுக்காண்டு வேறுபாட்டுக்குப் பௌதிக அடிப்படை உண்டு என்பது இதனாற் பெறப்படும். ஆனால் அதே வைன் இளமையாயிருக்கும்போது சந்தை அதற்கு இடும் விலை இவ்வேறுபாட்டைச் சரிவரக் காட்டுவதில்லை என்பதும் அவர் கண்ட உண்மை. தரம் உண்டு, விலை அதனை நம்பத்தக்க முறையில் அளப்பதில்லை. அவ்வாறாயின் விலை எதனை அளக்கிறது?

2. தரகர் இட்ட வரிசை

1855ஆம் ஆண்டு மூன்றாம் நெப்போலியனின் ஆட்சியிலே பாரிஸ் நகரில் உலகக் கண்காட்சி நடைபெற்றது. அதனையொட்டி, போர்தோ வைன்களைத் தரப்படுத்தித் தருமாறு அந்நகர வர்த்தக சங்கம் வைன் தரகர்களைக் கேட்டது. இரு வாரங்களுக்குள், ஏப்பிரல் 18ஆம் தேதி, தரகர்கள் பட்டியலைக் கையளித்தனர். சிவப்பு வைன்கள் ஐந்து வகுப்புகளாயின. லஃபீத், லத்தூர், மார்கோ, ஓ-பிரியோன் என்னும் நான்கும் முதல் வகுப்பில் அமைந்தன.

இப்பட்டியல் சுவைத்துப் பார்த்து இடப்பட்டதன்று. ஒவ்வொரு தோட்டத்தின் வைனும் பல ஆண்டுகளாகச் சந்தையிலே பெற்றுவந்த விலையே அதன் அடிப்படை. விலை தரத்தைக் காட்டும் என்பது தரகரின் எடுகோள். பட்டியல் வெளியான பின்னர் உறவு தலைகீழாயிற்று. முன்பு விலை வகுப்பைத் தந்தது, பின்பு வகுப்பே விலையைத் தரலாயிற்று. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகியும் இவ்வரிசை பெரும்பாலும் மாறவில்லை. 1973இல் மூத்தோன்-றொத்சில்ட் இரண்டாம் வகுப்பிலிருந்து முதல் வகுப்புக்கு உயர்த்தப்பட்டமையே குறிப்பிடத்தக்க மாற்றம். இவ்வகுப்பு நிலத்துக்கன்றித் தோட்டத்தின் பெயருக்கே உரியது என்பதும் மனங்கொள்ளத்தக்கது. அதே பிரதேச எல்லைக்குள் அயல்நிலத்தை வாங்கிச் சேர்த்தால் அந்நிலத்தின் திராட்சையும் அப்பெயரைப் பெற்றுவிடும். மண்ணின் மகிமை எனப் பேசப்படுவதிற் பெரும்பகுதி சொத்தின் மகிமையே.

1976 மே 24ஆம் தேதி பாரிஸிலே, ஆங்கிலேய வைன் வணிகர் ஸ்ரீவன் ஸ்பரியர் ஒழுங்குசெய்த மறைமுகச் சுவைப்பிலே இம்மகிமை வெளிப்படையாகவே ஆட்டங்கண்டது. பிரெஞ்சு நடுவர் ஒன்பதின்மரின் புள்ளிகளின்படி, சிவப்பு வைனிலும் வெள்ளை வைனிலும் விலைகுறைந்த கலிபோர்ணிய வைன்களே முதலிடம் பெற்றன. விலையின் அதிகாரம் இதனால் ஒழிந்துவிடவில்லை. புகழ்பெற்ற கலிபோர்ணியத் தோட்டங்களும் காலப்போக்கில் அதே விலையேணியில் ஏறிக்கொண்டன.

3. மார்க்ஸின் விளக்கம்

இப்பிரச்சினையைச் செவ்வியற் பொருளியலாளர் அறிந்தேயிருந்தனர். 1817இல் வெளிவந்த தமது நூலிலே டேவிட் றிக்காடோ, உழைப்பாற் பெறுமதி நிர்ணயிக்கப்படுகிறது என்னும் விதிக்குப் புறம்பான பொருள்களைப் பட்டியலிட்டார். அரிய சிலைகள், ஓவியங்கள் ஆகியவற்றோடு, குறிப்பிட்ட மண்ணிலே மிகச் சிறிதளவே விளையும் வைனையும் அவர் அதிற் சேர்த்தார். நிலவறையிலே கிடந்து, மேலதிக உழைப்பின்றியே விலையேறும் வைனும் அவரை வருத்திய ஒரு புதிர்.

இப்புதிரின் முடிச்சை மார்க்ஸ் இரு இடங்களில் அவிழ்க்கிறார். ‘மூலதனம்’ இரண்டாம் தொகுதியிலே உற்பத்திக் காலம் வேறு, உழைப்புக் காலம் வேறு என அவர் பிரித்துக் காட்டுகிறார். நொதித்து முதிரும் வைன் உழைப்பின்றி உற்பத்திக் காலத்தைக் கழிக்கிறது. அக்காலம் முழுவதும் முதல் அதில் முடங்கிக் கிடக்கிறது. அம்முதலுக்குரிய சராசரி இலாபம் விலையிலே சேர்கிறது. எனவே முதிர்ந்த வைனின் விலை உயர்வில் ஒரு பகுதி, காத்திருக்க வசதியுள்ள முதலின் பங்காகும்.

மூன்றாம் தொகுதியிலே, நிலவாரம் பற்றிய பகுதியில் தனியுரிமை விலையை விளக்குவதற்கு மார்க்ஸ் எடுத்துக்கொள்ளும் உதாரணமே ஒரு திராட்சைத் தோட்டந்தான். அசாதாரணமான தரமுடைய வைனைச் சிறிதளவில் மாத்திரம் தரக்கூடிய தோட்டம் தனியுரிமை விலையைப் பெறுகிறது. அவ்விலை வைனின் பெறுமதியை எவ்வளவு விஞ்சுகிறது என்பதை உற்பத்திச் செலவு தீர்மானிப்பதில்லை. வாங்குவோரின் செல்வமும் விருப்பமுமே தீர்மானிக்கின்றன. இவ்வாறு கிடைக்கும் மிகை இலாபம், நிலத்தின் மீதான சொத்துரிமை காரணமாக நிலவாரமாகி நிலவுடைமையாளனைச் சேர்கிறது.

இவ்விளக்கத்தைக் கொண்டு வைனின் விலையை மூன்று படைகளாகப் பிரித்து நோக்கலாம். முதலாவது, உற்பத்திச் செலவு. கொடியிற் காய்களைக் குறைத்தல், கையாற் பறித்தல், ஓக் மரப் பீப்பாய்களில் முதிரவிடுதல் ஆகியன சுவையை மாற்றுவன. அவற்றுக்குச் செலவும் உண்டு. மிகமலிந்த வைனுக்கும் நடுத்தர விலையுள்ள வைனுக்கும் இடையே சுவையில் உண்மையான வேறுபாடு காணப்படுவது பெரிதும் இதனாலேயே. இரண்டாவது, அருமையிலிருந்து பிறக்கும் நிலவாரம். ரொமனே-கொன்ரித் தோட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 1.8 ஹெக்ரயர் மாத்திரமே. 1945இல் அங்கு விளைந்தது சுமார் 600 போத்தல். அதன்பின் அப்பழங்கொடிகள் பிடுங்கப்பட்டன. மூன்றாவது, உடைமையின் மதிப்பு. இந்நிலையில் வைன் பானமாகவன்றிச் சேமிப்புப் பத்திரமாகவே கைமாறுகிறது. முதலாம் படையைக் கடந்தபின் விலையேற்றம் சுவையோடு கொண்டுள்ள தொடர்பு மெலிந்துவிடுகிறது.

மூன்றாம் படையின் இயல்பை றூடி குர்னியவானின் வழக்கு துலக்குகிறது. போலி வைன்களைச் செல்வந்தருக்கு விற்றமைக்காக 2013 டிசெம்பரில் நியூயோர்க்கில் குற்றவாளியாகக் காணப்பட்ட இவருக்கு மறு ஆண்டிலே பத்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அவருடைய போத்தல்கள் வல்லோர் பலரின் விருந்துகளிலே அருந்திப் பாராட்டப்பட்டவை. பர்கண்டிப் பிரதேசத்துப் பொன்ஸோ தோட்டம் 1980களுக்கு முன் தயாரித்திராத ஒரு வைனை, 1945 முதலான ஆண்டுகளின் பெயரால் ஏலத்துக்கு விட்டபோதே ஐயம் வலுத்தது. அவ்வேளையிற் பொய்யைக் காட்டிக்கொடுத்தது பெயர்ச்சீட்டிலே கிடந்த ஆண்டு. நாவன்று.

4. விலை மறைப்பவை

விலை சுவையை மிகைப்படுத்துவது ஒருபுறம். மறுபுறத்திலே, நல்ல வைனைத் தந்த உழைப்பே விலையின்றி நசிந்த வரலாறும் உண்டு. மார்க்ஸ் பிறந்த ட்ரியர் நகர் மொசெல் நதிக்கரைத் திராட்சைப் பிரதேசத்தில் உள்ளது. 1834இன் சுங்க ஒன்றியத்துக்குப் பின் தென்ஜேர்மனிய வைன் போட்டிக்கு வர, மொசெல் சிறுவிவசாயிகள் கடனில் மூழ்கினர். அவர்தம் அவலத்தை 1843 ஜனவரியில் ‘ரைன் செய்தித்தாளி’லே இளம் மார்க்ஸ் எழுதினார். பொருளாதாரப் பிரச்சினைகளின்பால் தம்மை முதன்முதல் திருப்பியவற்றுள் அதுவும் ஒன்றென 1859இல் அவரே நினைவுகூர்ந்தார்.

பிரான்சின் தென்பகுதியான லாங்கடொக்கிலே 1907இல் நிகழ்ந்தது இதனினும் பெரிது. மிகையுற்பத்தியாலும், சர்க்கரையும் நீரும் கலந்த போலி வைனாலும் விலை உற்பத்திச் செலவினும் தாழ்ந்தது. ஜூன் 9ஆம் தேதி மொன்பெல்லியே நகரிலே ஐந்து இலட்சம் பேருக்கு மேல் திரண்டனர். நார்பொன் நகரிலே படையினர் சுட்டதில் உயிர்கள் பலியாயின. உள்ளூர் இளைஞர் மிகுந்திருந்த 17ஆம் காலாட்படைப் பிரிவு கலகஞ்செய்தது. அம்மாத இறுதியிலே கலப்படத்துக்கு எதிரான சட்டம் நிறைவேறிற்று. 1935இல் வைனின் பிறப்பிடப் பெயர்களைச் சட்டம் காக்கத் தொடங்கியமையும் இத்தகைய போராட்டங்களின் தொடர்ச்சியே. இன்று ‘தரம்’ என நாம் வாசிக்கும் பெயர்ச்சீட்டு, உழைப்போர் வீதிக்கு வந்து பெற்ற பாதுகாப்பாகும். அதே பெயர் பின்னர் நிலவாரத்தின் கருவியானமை சொத்துரிமைச் சமூகத்தின் முரண்பாடு.

2023ஆம் ஆண்டு அறுவடையின்போது, உலகின் விலையுயர்ந்த வைன்கள் சிலவற்றின் தாயகமான ஷம்பேன் பிரதேசத்திலே, பழம் பறிக்க வந்த மேற்காபிரிக்கத் தொழிலாளர் ஐம்பதுக்கு மேற்பட்டோர் மனிதர் வாழத் தகாத இடத்திற் குடியிருத்தப்பட்டமை வெளியாயிற்று. 2025 ஜூலையில் ஷலோன் நகர நீதிமன்றம் இவ்விடயத்தில் மூவரை ஆட்கடத்தற் குற்றவாளிகளாகக் கண்டது. எத்தகைய நுண்ணிய நாவும் குவளையிலே இவ்வுண்மையைச் சுவைத்தறிய இயலாது. பண்டத்தின் பின்னேயுள்ள மனித உறவுகளைப் பண்டத்தின் இயல்பாகத் தோற்றுவிப்பதையே மார்க்ஸ் பண்ட மாயை என்றார்.

5. ரசனைக்குத் திரும்புதல்

ரசனை வர்க்க வேறுபாட்டின் அடையாளமாகத் தொழிற்படுவதைப் பியர் பூர்தியு 1979இல் வெளிவந்த தமது ஆய்வில் விரிவாகக் காட்டினார். வைனைப் பற்றி ‘சரியாக’ப் பேசத் தெரிவது ஒருவரது வளர்ப்பையும் ஓய்வையும் பறைசாற்றுகிறது. ஆயினும் இதிலிருந்து ரசனை முழுவதும் வேடம் என்று கொள்வது, ஹியூம் காட்டிய திறவுகோலைக் காணாது விடுவதாகும். பயிற்சி நாவைக் கூர்மையாக்குகிறது. அப்பயிற்சிக்கான ஓய்வும் வாய்ப்பும் சமமின்றிப் பகிரப்பட்டுள்ளன என்பதே குறை.

இலக்கிய விமரிசனத்திலும் இவ்விரு தவறுகளையும் காண்கிறோம். பரிசும் விற்பனையும் பதிப்பகத்தின் பெயரும் தரத்தைக் காட்டும் என்போர் ஒருசாரார். அவர்கள் 1855இன் தரகரின் வழிவந்தோர். தரமென்பதே மேட்டுக்குடியின் புனைவு என்போர் மறுசாரார். முன்னவர் விலையைச் சுவையென மயங்குகின்றனர். பின்னவர் விலையோடு சுவையையும் தள்ளிவிடுகின்றனர். பொருளிலே உள்ள குணத்தையும், அக்குணத்தை ஆக்கிய உழைப்பையும், அதற்கு மதிப்பிடும் அதிகாரம் யாரிடம் உள்ளது என்பதையும் வேறுவேறாகப் பிரித்தறிந்து, பின் அவற்றின் தொடர்பை ஆராய்வதே விமரிசகனின் கடமை. வைனின் விலை குறித்த விசாரணை நமக்கு உணர்த்தும் முறையியல் இதுவே.