நாற்பதுக்கு மேல் நாள் தள்ளிப்போனால்

நாற்பது வயதைத் தாண்டிய தாய்மார்கள் பலர், மாதவிலக்கு ஒரு மாதம் வராவிட்டால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. "நிக்கிற வயசு வந்துருச்சு, அதான்" என்று இருந்துவிடுகிறார்கள். இரண்டாம் மாதமும் அப்படியே போகிறது, மூன்றாம் மாதமும் போகிறது. வயிறு கனத்து, உள்ளே அசைவு தெரிந்த பிறகுதான் "இது வேறயோ?" என்ற சந்தேகம் வருகிறது. அதற்குள் ஐந்து மாதம் ஓடிவிடும். முக்கியமான சில சோதனைகளுக்கு உரிய காலமும் கடந்துவிடும்.

அந்தத் தாய்மார்களுக்காகவும், அவர்களுடைய கணவர்மாருக்காகவும், வீட்டில் வளர்ந்து நிற்கும் பிள்ளைகளுக்காகவும் இந்தச் சிறு வெளியீடு எழுதப்படுகிறது.

நாற்பதிலும் கரு தங்குமா?

தங்கும். நம் நாட்டுப் பெண்களுக்கு மாதவிலக்கு முழுவதுமாக நிற்பது சராசரியாக 46, 47 வயதில். அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் அது ஒழுங்கில்லாமல் வரும். இரண்டு மாதம் வராது, மூன்றாம் மாதம் வரும். இந்த ஆண்டுகளில் கருமுட்டை வெளிப்படுவது குறைகிறதே தவிர நின்றுவிடுவதில்லை. எந்த மாதம் முட்டை வெளிப்படும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகையால் "இனிமே என்ன ஆகப்போகுது" என்று கருத்தடை முறையைக் கைவிடுவது தவறு.

நம் பாட்டிமார் காலத்தில் நாற்பதில் பிள்ளை பெறுவது அதிசயமாக இருந்ததில்லை. தாயும் மகளும் ஒரே வருடத்தில் பேறுகாலம் பார்த்த வீடுகள் உண்டு. 1952-ல் நம் நாட்டில் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தை என்றது 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வு. இருபத்தைந்து, முப்பது வயதுக்குள் பிள்ளைப்பேறு முடிந்துவிடுவதால், நாற்பதில் கர்ப்பமாகும் தாய் ஊரில் தனியாக நிற்கிறாள். "பேரன் எடுக்கிற வயசுல பிள்ளையா?" என்ற பேச்சுக்குப் பயந்து மறைக்கிறாள். வயதால் வரும் ஆபத்தைச் சோதனையும் வைத்தியமும் குறைக்கும். மறைத்தால் அந்த ஆபத்து கூடத்தான் செய்யும்.

யாருக்கெல்லாம் இப்படி நேர்கிறது?

எதிர்பாராமல் கரு தங்கியவர்கள் ஒரு வகை.

திருமணம் தாமதமானவர்களும், மறுமணம் செய்தவர்களும், பல வருடம் குழந்தைக்காகக் காத்திருந்தவர்களும் இரண்டாம் வகை. 2019-ல் ஆந்திராவின் குண்டூரில் 74 வயதுப் பெண்மணி ஒருவர் செயற்கைக் கருத்தரிப்பு மூலம் இரட்டைக் குழந்தை பெற்றார் என்ற செய்தியைப் பலர் படித்திருப்பீர்கள். அதை யாரும் வழிகாட்டியாகக் கொள்ள வேண்டாம். 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தச் சிகிச்சைக்குப் பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 என்று வயது வரம்பு உண்டு.

பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் மூன்றாம் வகை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் கடற்கரையில் குழந்தைகளை இழந்த தாய்மார் பலர் ஏற்கெனவே குடும்பக் கட்டுப்பாடு செய்திருந்தவர்கள். கருக்குழாயை மீண்டும் இணைக்கும் அறுவைக்கு அரசு ஏற்பாடு செய்தது. மறுபடியும் தாயானவர்களும் அவர்களில் உண்டு.

நான்காம் வகை, ஆண் பிள்ளைக்காக மீண்டும் மீண்டும் முயல்கிறவர்கள். ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது தகப்பனின் வித்து. தாய்க்கு அதில் பங்கில்லை. கருவில் என்ன குழந்தை என்று கேட்பதும் சொல்வதும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். மூன்று பெண் பிள்ளைகளுக்குத் தாயாக இருப்பவளை, நாலாவதுக்காக நாற்பத்திரண்டு வயதில் ஆபத்தில் தள்ளுவது எந்த விதத்தில் நியாயம்?

முதல் வேலை: சிறுநீர்ச் சோதனை

நாள் தள்ளிப்போய் ஒரு வாரம் ஆனதும் துணை சுகாதார நிலையத்துக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள். சில சொட்டுச் சிறுநீர் போதும், ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். கர்ப்பம் இல்லை என்றால் நிம்மதி. உண்டு என்றால் 12 வாரத்துக்குள் கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்து, பிக்மி எண் வாங்கிக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண் தேவைப்படும்.

"நான்தான் ஆபரேசன் பண்ணிட்டேனே" என்கிறவர்களும் கவனியுங்கள். குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை அரிதாகத் தவறுவதுண்டு. அப்படித் தவறினால் கரு கருப்பையில் தங்காமல் குழாயிலேயே தங்கிவிடக்கூடும். நாள் தள்ளிப்போய், அடிவயிற்றில் ஒரு பக்கம் வலியும், சிறு உதிரப்போக்கும், மயக்கமும் வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து.

வயது கூடும்போது எது கூடுகிறது?

ஒரு பெண் பிறக்கும்போதே அவளுடைய கருமுட்டைகள் அனைத்தும் உடலில் இருக்கின்றன. பிறகு புதிதாக உண்டாவதில்லை. நாற்பது வயதுத் தாயின் முட்டைக்கும் வயது நாற்பது. பழைய முட்டை பிரியும்போது குரோமோசோம் கணக்கில் பிசகு வரும் வாய்ப்பு அதிகம். அதனால்தான் நாற்பதுக்கு மேல் சுமார் மூன்றில் ஒரு கரு கலைந்துவிடுகிறது. வேலை செய்ததாலோ, கண் பட்டதாலோ, மாமியார் சொல்லாலோ அது கலைவதில்லை. தாய் தன்னை நொந்துகொள்ள வேண்டாம்.

டவுன் நோய்க்குறியுடன் குழந்தை பிறக்கும் வாய்ப்பு 25 வயதில் சுமார் 1,250-ல் ஒன்று, 35-ல் சுமார் 350-ல் ஒன்று, 40-ல் சுமார் 100-ல் ஒன்று, 45-ல் சுமார் 30-ல் ஒன்று. நாற்பது வயதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்கு இந்தக் குறை வருவதில்லை என்பதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள்.

தாய்க்கு வருபவை: உயர் இரத்த அழுத்தம், சர்க்கரை, நச்சுக்கொடி கீழே தங்குதல், ஆபரேஷன் பிரசவம், பிரசவத்துக்குப் பின் உதிரப்போக்கு. நாலைந்து பெற்ற கருப்பை பிரசவம் முடிந்தபின் இறுகிச் சுருங்கச் சிரமப்படும். "மூணும் சுகப்பிரசவம், இதுவும் தானா ஆயிரும்" என்று நம்பி வீட்டில் இருந்துவிடக் கூடாது.

எந்தச் சோதனை எப்போது?

1. பதிவு செய்யும்போதே இரத்தம், இரத்த அழுத்தம், சிறுநீர், தைராய்டு, சர்க்கரை. இரத்தத்தில் ஹீமோகுளோபின் 11-க்குக் குறைந்தால் சோகை, 7-க்குக் குறைந்தால் கடுமையான சோகை.

2. சர்க்கரைக்கு 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுப்பார்கள். வெறும் வயிறு வேண்டியதில்லை. அளவு 140 அல்லது அதற்கு மேல் என்றால் கர்ப்பகாலச் சர்க்கரை. வேலைக்குப் போகும் பெண்களுக்கும் தோதான இந்த எளிய முறையை வகுத்தவர் சென்னை மருத்துவர் வி.சேஷய்யா. முதல் முறை சரியாக இருந்தாலும் 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடி செய்ய வேண்டும்.

3. 11 முதல் 13 வாரத்துக்குள் கழுத்து மடிப்பு ஸ்கேனும் அதோடு சேர்ந்த இரத்தச் சோதனையும். இவை சந்தேகத்தை மட்டும் சொல்லும். உறுதி செய்ய வேறு சோதனை உண்டு.

4. 18 முதல் 20 வாரத்துக்குள் உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேன்.

5. இரத்த அழுத்தம் ஒவ்வொரு முறையும். 140/90-ஐத் தொட்டால் கவனம் தேவை. சிலருக்கு 12 வாரத்துக்குப் பின் குறைந்த அளவு ஆஸ்பிரின் மாத்திரையை டாக்டர் எழுதித் தருவார். நீங்களாக வாங்கிப் போடக் கூடாது.

ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு மருத்துவ நிலையங்களில் கர்ப்பிணிகளை டாக்டர் பார்க்கும் சிறப்பு நாள். அன்றைக்குக் கூலி போனாலும் போகட்டும், சோதனையைத் தவறவிடாதீர்கள்.

முன்பே சாப்பிடும் மாத்திரைகள்

நாற்பதைக் கடந்தவர்கள் பலர் பிரஷருக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை சாப்பிடுகிறார்கள். மக்களைத் தேடி மருத்துவம் மூலம் வீட்டுக்கே வந்து கொடுக்கிறார்கள். நாள் தள்ளிப்போனதை அந்த ஊழியரிடம் உடனே சொல்லுங்கள். எனலாபிரில், லோசார்டான் போன்ற பிரஷர் மாத்திரைகள் குழந்தைக்கு ஆகாதவை. கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையையும் டாக்டரிடம் காட்டுங்கள். அதற்காக எல்லா மாத்திரையையும் நீங்களாக நிறுத்திவிடவும் கூடாது. அன்றே டாக்டரைப் பார்த்து மாற்றிக்கொள்ள வேண்டும்.

வேலையும் பயணமும்

கம்பம், கூடலூர், போடிப் பக்கத்துப் பெண்கள் விடியுமுன்னே ஜீப் ஏறி, கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறார்கள். ஒரே ஜீப்பில் நெருக்கியடித்து மலைவளைவுகளில் போய்வருவது எந்தக் கர்ப்பிணிக்கும் நல்லதல்ல. நாற்பது வயதில், பிரஷரோ உதிரப்போக்கோ இருந்தால் கட்டாயம் கூடாது. "எல்லை தாண்டி வேலைக்குப் போனா நர்சம்மாவை எங்கிட்டுப் பாக்குறது?" என்று கேட்பீர்கள். பதிவு அட்டையைக் கையோடு வைத்திருங்கள். கேரளத்து ஆஸ்பத்திரியிலும் அதைக் காட்டலாம்.

சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ஓடைப்பட்டி திராட்சைத் தோட்டங்களில் மருந்து அடிக்கும் நாளில் கர்ப்பிணி பந்தலுக்குள் போகக் கூடாது. மருந்து அடித்தவரின் துணியைத் துவைக்கவும் கூடாது. மருந்து கலக்கிய வாளியை வீட்டுத் தண்ணீருக்குப் பயன்படுத்தாதீர்கள்.

உணவு

கேழ்வரகு, முருங்கைக்கீரை, பயறு, நிலக்கடலை, முட்டை, பால், மீன் தினம் மாற்றி மாற்றிச் சேருங்கள். அங்கன்வாடியில் தரும் சத்துமாவு உங்களுக்குத்தான், வீட்டில் மற்றவர்களுக்குப் பங்கு வைக்காதீர்கள். இரும்புச்சத்து மாத்திரையைக் காபி, டீயோடு சாப்பிட்டால் சத்து உடம்பில் சேராது. சுண்ணாம்புச்சத்து மாத்திரையை வேறு வேளையில் சாப்பிடுங்கள். பிரஷர் உள்ளவர்கள் கருவாடு, ஊறுகாயைக் குறையுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் திராட்சையும் வாழைப்பழமும் தோட்டத்தில் சும்மா கிடைக்கிறதே என்று அளவில்லாமல் சாப்பிடக் கூடாது.

உடனே புறப்பட வேண்டிய அறிகுறிகள்

விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, முகமும் கையும் வீங்குதல், வலிப்பு, எந்த அளவு உதிரப்போக்கானாலும் சரி, பனிக்குடம் உடைதல், காய்ச்சல், மூச்சுத்திணறல், குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைதல். இவற்றில் ஒன்று கண்டாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். விடியட்டும் என்று பார்க்காதீர்கள்.

பிரசவம் எங்கே?

அறுவைக்கும் இரத்தம் ஏற்றவும் வசதி உள்ள ஆஸ்பத்திரியில்தான். க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையா, பெரியகுளம் தலைமை மருத்துவமனையா, கம்பம் அரசு மருத்துவமனையா என்பதை ஏழாம் மாதத்திலேயே டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். மேகமலை, வருசநாடு, அகமலைப் பக்கத்தவர்கள் நாள் நெருங்குமுன்பே மலையிறங்கி வந்துவிட வேண்டும். இரத்தம் கொடுக்க இருவரை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி முதல் இரண்டு பேறுகளுக்கு மட்டும்தான். ஆனால் அரசு ஆஸ்பத்திரியில் சோதனை, மருந்து, பிரசவம், ஆபரேஷன், இரத்தம், ஊர்தி ஆகியவை எத்தனையாவது பேறானாலும் இலவசம். பணம் கிடைக்காது என்று பதிவு செய்யாமல் இருக்காதீர்கள்.

இந்தக் கர்ப்பம் வேண்டாம் என்றால்?

சொல்ல வெட்கப்பட வேண்டாம். 1971-ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டம் 2021-ல் திருத்தப்பட்டது. தாயின் உடல்நலம், மனநலம், கருத்தடை முறை தவறியது போன்ற காரணங்களுக்காக 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்தின் பேரில் கலைக்கலாம். சில பிரிவினருக்கு இரண்டு டாக்டர்கள் சம்மதித்தால் 24 வாரம் வரை. 18 வயது நிறைந்த பெண்ணுக்கு அவளுடைய சம்மதம் மட்டும் போதும், கணவர் கையெழுத்துத் தேவையில்லை. விவரம் வெளியே போகாது. மருந்துக்கடையில் ரகசியமாக மாத்திரை வாங்கிப் போடுவதும், நாட்டு மருந்து தின்பதும் உயிரோடு விளையாடுவது. கரு குழாயில் இருந்தால் அந்த மாத்திரை கேட்காது, ஆபத்துதான் வரும். எவ்வளவு சீக்கிரம் வருகிறீர்களோ அவ்வளவு சுலபம்.

பிரசவத்துக்குப் பிறகு

ஆபரேஷன் ஆனாலும் சீக்கிரம் எழுந்து நடமாடுங்கள், இந்த வயதில் கால் நரம்பில் இரத்தம் உறைவதுண்டு. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் காட்டுங்கள். வயதானவளுக்குப் பால் சுரக்காது என்பது பொய். ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுங்கள். சர்க்கரை இருந்தவர்கள் ஆறு வாரம் கழித்து மறுபடி சோதியுங்கள்.

இனி வேண்டாம் என்றால் காப்பர்-டி, பெண்களுக்கான அறுவை, ஆண்களுக்கான தழும்பில்லாக் கருத்தடை ஆகியவை உண்டு. ஆணுக்குச் சில நிமிட வேலை, அன்றே வீடு திரும்பலாம். மூன்று மாதம் மட்டும் ஆணுறை தேவை. கருத்தடையை எப்போது விடலாம்? ஐம்பது வயதுக்கு மேல் என்றால் மாதவிலக்கு நின்று ஒரு வருடமும், ஐம்பதுக்குள் என்றால் இரண்டு வருடமும் ஆன பிறகு.

கணவருக்கும் பிள்ளைகளுக்கும்

சோதனை நாளில் கூடப் போங்கள். தண்ணீர்க்குடத்தையும் விறகுக்கட்டையும் நீங்கள் தூக்குங்கள். கல்லூரி போகும் மகளோ கல்யாணமான மகனோ, "இந்த வயசுல எங்களுக்கு அசிங்கமா இருக்கும்மா" என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்தத் தாய் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க மாட்டாள். "வாம்மா, நான் கூட வர்றேன்" என்று சொல்லுங்கள். தாய்க்கு அந்தத் துணை போதும்.

நாள் தள்ளிப்போனால் சோதனை. கர்ப்பம் என்றால் பதிவு. ஆபத்து என்றால் 108. சந்தேகம் என்றால் 104-க்குப் போன் செய்யுங்கள், அல்லது உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்கள்.