போட்டி நிறுவனங்கள் அறிவைப் பகிர்வது ஏன்?

வெள்ளவத்தை காலி வீதியில் ஒரு புடவைக் கடையில் நாம் கேட்ட நிறம் இல்லாவிட்டால், முதலாளி பக்கத்துக் கடைக்குப் பையனை அனுப்பி எடுத்துத் தருவார். நாளை அந்த உதவி அவருக்கும் திரும்பக் கிடைக்கும். ஆனால் சரக்கு எங்கிருந்து, என்ன விலைக்கு வருகிறது என்பதை அவர் யாருக்கும் சொல்லமாட்டார். எதைக் கொடுப்பது, எதைக் காப்பது என்ற இதே கணக்குத்தான் உயர் தொழில்நுட்பத் துறையிலும் நடக்கிறது. கணினித் துறைக்குள் நுழையும் நமது பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

அமெரிக்காவின் சிறிய உருக்கு ஆலைகளைப் பற்றி எரிக் வொன் ஹிப்பல் என்ற ஆய்வாளர் 1987இல் எழுதினார். போட்டி ஆலைகளின் பொறியியலாளர்கள் உற்பத்திச் சிக்கல்களுக்கு ஒருவரிடம் ஒருவர் தீர்வு கேட்டுக்கொள்வதை அவர் கண்டார். கொடுத்தவருக்கே திரும்பக் கொடுத்தார்கள். தமது ஆலைக்கு உயிரான இரகசியத்தை மட்டும் வெளியே விடவில்லை.

மென்பொருள் துறையில் இந்தப் பகிர்வு இன்னும் ஒரு படி மேலே சென்றது. ஐபிஎம், மைக்ரோசொப்ட், அரிபா ஆகிய நிறுவனங்கள் 2000ஆம் ஆண்டில் சேர்ந்து ஒரு பொது விபரிப்பு மொழியை வெளியிட்டன. வெவ்வேறு நிறுவனங்களின் கணினிகள் இணையம் வழியாக ஒன்றையொன்று புரிந்துகொள்வதற்கான மொழி அது. பாதை பொதுவாக இருந்தால்தான் எல்லோருடைய வண்டியும் ஓடும் என்பது அவர்களது கணக்கு.

அதை வடிவமைத்தவர்களில் ஒருவர், அப்போது ஐபிஎம் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய இலங்கையரான சஞ்சீவ வீரவரண. நாடு திரும்பிய அவரின் முயற்சியில் 2003இல் லங்கா மென்பொருள் மன்றம் உருவானது. இலங்கைப் பொறியியலாளர்கள் அப்பாச்சி என்ற உலகத் திறந்த மூலத் திட்டத்துக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தார்கள். 2004 சுனாமிக்குப் பின் காணாமற்போனோரையும் நிவாரண முகாம்களையும் பதிவுசெய்ய இங்கு எழுதப்பட்ட 'சஹானா', 2005 பூகம்பத்தின்போது பாகிஸ்தானிலும் பயன்பட்டது.

2005இல் தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனம் தனது மென்பொருளின் மூலக் குறியீட்டை எவரும் பார்க்கவும் எடுத்துக்கொள்ளவும் விட்டது. போட்டியாளரும் எடுக்கலாம். வருமானம், அதை நிறுவனங்களுக்குப் பொருத்திக் கொடுப்பதிலும் பராமரிப்பதிலும் வந்தது. 2024இல் சுவீடனின் ஈக்யூடி நிறுவனம் 600 மில்லியன் டொலருக்கு மேல் கொடுத்து அதை வாங்குவதாகச் செய்திகள் வெளியாகின. இலவசமாகக் கொடுத்தவர் ஏமாளி என்று இனிச் சொல்ல முடியுமா?

ஆனால் எல்லாவற்றையும் பகிரலாம் என்பது இதன் பொருளல்ல. வாடிக்கையாளரின் தரவு அமானிதம். வேலை செய்த நிறுவனத்தின் குறியீட்டை அடுத்த நிறுவனத்துக்குக் கொண்டு செல்வது களவு. போட்டியாளர்கள் கூடி ஊழியர்களைக் கட்டிப்போடுவதும் அறிவுப் பகிர்வு ஆகாது. ஒருவரின் ஊழியரை மற்றவர் அழைப்பதில்லை என்று கூகுள், அப்பிள் போன்றவை செய்துகொண்ட உடன்பாடுகளுக்கு எதிராக 2010இல் அமெரிக்க நீதித் திணைக்களம் வழக்குத் தொடுத்தது.

நமது சமூகத்தில் சிறிய மென்பொருள் நிறுவனங்கள் நடத்துவோர் பலர் உள்ளனர். திறந்த மூல மென்பொருளை எடுத்துப் பயன்படுத்துகிறோம். ஒரு பிழையைத் திருத்தினால் அதைத் திருப்பிக் கொடுக்கிறோமா? திருப்பிக் கொடுக்காத திருத்தத்தை, அடுத்த பதிப்பு வரும்போது மீண்டும் நாமே செய்யவேண்டும். கொடுத்துவிட்டால் உலகமே அதைப் பராமரிக்கும்.

இளைஞர்களுக்கோ இது இன்னும் பெரிய வாய்ப்பு. கூகுளின் கோடைக்கால மாணவர் திட்டம் 2005இல் தொடங்கியது. அதன் முதல் பத்தாண்டுகளில் அதிக மாணவர்கள் பங்குபற்றிய பல்கலைக்கழகம் நமது மொரட்டுவைதான். கொட்டாஞ்சேனையில் வாடகை வீட்டில் இருக்கும் ஒரு பிள்ளையிடம் திறந்த மூலத் திட்டம் எந்தப் பாடசாலை, யாருடைய சிபாரிசு என்று கேட்பதில்லை. எழுதிய குறியீடு சரியா என்று மட்டுமே பார்க்கிறது. நேர்முகப் பரீட்சையில் அந்தப் பெயர்ப் பதிவைக் காட்டினால் போதும். பிள்ளைகளை வகுப்புகளுக்கு அனுப்பும் பெற்றோர், இந்தக் கதவையும் அவர்களுக்குக் காட்டவேண்டும்.