வயிற்று வாயுவும் அதன் பெயரால் மறையும் நோய்களும்

நம் மக்களிடையே 'வாயு' என்னும் சொல் வழங்காத இல்லமே இல்லை எனலாம். வயிறு உப்பினாலும் வாயு. நெஞ்சு அடைத்தாலும் வாயு. முழங்கால் பிடித்துக் கொண்டாலும் வாயு. திருவள்ளுவரும் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் வளியை முதலாகக் கொண்ட மூன்றினைக் குறிப்பிடுகின்றார். சித்த மருத்துவம் கூறும் அவ்வளி, உடலியக்கம் முழுவதையும் தழுவிய ஒரு கோட்பாடாகும். குடலுக்குள் அடைபட்டு நம்மை வாட்டும் காற்று வேறு. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்துப் பழகிவிட்டமையால், குடற்காற்றுதான் மூட்டுக்குள் புகுந்து குடைகிறது என்று எண்ணுவோரும் நம்மிடையே உளர். அது உண்மையன்று. இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகுவது குடற்காற்றைப் பற்றியே ஆகும்.

குடலில் காற்று இருப்பது நோயன்று. நலமாயுள்ள ஒருவரின் குடலில் எந்நேரமும் 100 முதல் 200 மில்லிலிட்டர் வரை காற்று தங்கியிருக்கும். நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை வெளியேறும். 10 முதல் 20 முறை காற்றுப் பிரிவதும் இயல்பே. வகுப்பறையில் ஒரு மாணவனுக்கு இது நேர்ந்துவிட்டால் மற்றவர்கள் கைகொட்டிச் சிரிக்கின்றனர். சிரிப்பவர் குடலிலும் அதே காற்றுதான் உள்ளது என்பதை மாணவச் செல்வங்கள் அறிதல் வேண்டும். அடக்கி வைப்பதால்தான் வலி மிகும்.

இக்காற்று இரு வழிகளில் உண்டாகின்றது. நாம் விழுங்கும் காற்று முதலாவது. அவசரமாக உண்ணும்போதும், உண்டுகொண்டே பேசும்போதும், உறிஞ்சு குழலால் பருகும்போதும், சுவிங்கம் மெல்லும்போதும், புகைபிடிக்கும்போதும் உணவோடும் உமிழ்நீரோடும் காற்றும் உள்ளே செல்கின்றது. விடியுமுன் வெறும் வயிற்றோடு வெட்டுக்குச் சென்று, பால் எடுக்கும் நேரம் நெருங்குகிறதே என்ற பரபரப்பில் நின்றவாறே பசியாறும் தொழிலாளிக்கும், ஓய்வு நேரம் முடிவதற்குள் ஓடி விளையாட வேண்டுமென்று மீகோரெங்கை வாயில் திணித்துக்கொள்ளும் மாணவனுக்கும் இதில் வேறுபாடில்லை. போத்தலில் வரும் குளிர்பானங்களிலோ கரிவளியையே அழுத்தி அடைத்திருக்கின்றனர். அதனைக் காசு கொடுத்து வாங்கிக் குடித்துவிட்டு, வயிறு உப்புகிறதே என்று வருந்துகின்றோம்.

இரண்டாவது வழி சற்று நுட்பமானது. சிறுகுடலில் செரிக்காத மாவும் சர்க்கரையும் பெருங்குடலைச் சென்றடைகின்றன. அங்கே கோடானுகோடி நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. தோசை மாவு இரவில் புளித்துப் பொங்குவதைக் கண்டிருக்கின்றோம் அல்லவா? ஏறத்தாழ அதே வேலைதான் பெருங்குடலிலும் நடைபெறுகின்றது. பருப்பு, கொண்டைக்கடலை, மொச்சை ஆகியவற்றிலுள்ள ஒருவகைச் சர்க்கரையை உடைக்கும் நொதி மனிதக் குடலில் இல்லை. ஆகவே அவை உண்டால் காற்று மிகுதல் இயற்கை. அதற்காகப் பருப்பையே ஒதுக்கிவிடலாகாது. புரதத்திற்கு நம் வீடுகளில் அதைவிட மலிவான பொருள் வேறு ஏது? இரவு முழுதும் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டுப் புதுநீரில் நன்கு குழைய வேகவைத்தால் தொல்லை பெரிதும் குறையும். வெங்காயம், பூண்டு, முட்டைக்கோசு ஆகியனவும் சிலருக்கு ஒவ்வா. டுரியான் காலத்து அனுபவம் எல்லாருக்கும் உண்டு. அதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

பால் சேர்ந்த தேநீரைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். பாற்சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் ஆசிய மக்களில் பலருக்குக் குழந்தைப் பருவத்திற்குப் பின் குறைந்துவிடுகின்றது. பால் குடித்த ஓரிரு மணி நேரத்தில் வயிறு இரைந்து உப்புமாயின், பெரியவர்கள் இரண்டு வாரங்கள் பாலை நிறுத்திப் பார்க்கலாம். தயிரும் மோரும் அத்தகையோர் பலருக்குத் தீங்கு செய்வதில்லை. வளரும் பிள்ளைகளுக்கு மட்டும் மருத்துவரைக் கேளாமல் பாலை நிறுத்துதல் கூடாது.

மலச்சிக்கலும் காற்றைச் சிறைப்படுத்தும். பள்ளிக் கழிவறைக்குச் செல்லத் தயங்கிக் காலை முதல் மாலை வரை அடக்கிக்கொண்டு, வீடு திரும்பியதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழும் பிள்ளைகள் பலர். இப்பிள்ளைகளுக்கு வேண்டுவது மருந்தன்று. தூய கழிவறையும், போதிய தண்ணீரும், பழமும் கீரையுமே ஆகும். பள்ளியும் பெற்றோர் சங்கமும் இதனைச் சிறு செய்தியாகக் கருதலாகாது.

காற்று ஏன் வலிக்கின்றது? பெருங்குடல் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளமுடையது. வலப்பக்கம் அடிவயிற்றில் தொடங்கி மேலேறி, விலா எலும்பின் கீழ் வளைந்து, குறுக்கே சென்று, இடப்பக்க விலாவின் கீழ் மீண்டும் வளைந்து கீழிறங்குகின்றது. இவ்வளைவுகளில் காற்று தேங்கும்போது குடற்சுவர் விரிந்து இழுபடுகின்றது. அவ்விழுப்பே வலி. இடப்பக்க வளைவில் தேங்கினால் நெஞ்சு வலிப்பது போலவும் தோன்றும்.

இத்தகைய வலிக்கு எளிய வழிகள் உண்டு. படுத்துக்கொண்டு முனகுவதினும் எழுந்து மெல்ல நடப்பது நன்று. நடையால் குடல் அசைந்து காற்று நகரும். மல்லாந்து படுத்து இரு முழங்கால்களையும் மடக்கி மார்போடு அணைத்துச் சிறிது நேரம் இருக்கலாம். யோகக் கலையில் இதற்குப் பவனமுக்தாசனம், அதாவது காற்றை விடுவிக்கும் இருக்கை என்றே பெயர். பெருங்குடல் செல்லும் அதே திசையில், வலப்பக்கம் கீழிருந்து மேலாகவும், பின் குறுக்காகவும், இடப்பக்கம் மேலிருந்து கீழாகவும் உள்ளங்கையால் மெல்ல நீவிவிடலாம். வெந்நீர் ஒத்தடமும் இதம் தரும். ஓமநீர், சீரகநீர், இஞ்சித் தேநீர் ஆகியன நம் பாட்டிமார் காட்டிய வழிகள். பெரியவர்களுக்கு அவற்றால் கேடில்லை, பலருக்கு ஆறுதலும் உண்டு. ஆனால் கடையில் விற்கும் உப்புத்தூளைக் கரைத்துக் குடித்துப் பெரிய ஏப்பம் விட்டு, 'வாயு கலைந்தது' என்று மகிழ்வோர் ஒன்றை அறிதல் வேண்டும். அவ்வேப்பத்தில் வருவது பெரும்பாலும் அத்தூளே உண்டாக்கிய காற்றுதான்! இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதனை அடிக்கடி பருகுதல் நன்றன்று. அதில் சோடியம் மிகுதி.

கைக்குழந்தைகளுக்குப் பாலூட்டியபின் தோளில் சாய்த்து முதுகைத் தட்டி ஏப்பம் வரச் செய்தலே போதுமானது. பெருங்காயத்தைக் கரைத்துப் புகட்டலாகாது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேனும் ஆகாது. கற்பூரம் கலந்த தைலங்களைப் பெரியவர்க்குத் தேய்ப்பது போலக் குழந்தையின் வயிற்றில் தேய்ப்பதும் தீங்கு விளைக்கும்.

இனி, நாம் இக்கட்டுரையை எழுத முனைந்ததன் காரணத்திற்கு வருவோம். குடற்காற்று உயிரைக் கொல்வதில்லை. ஆனால் காற்று என்று எண்ணிக் காலங்கடத்திய வேறு நோய்கள் கொன்றுவிடும்.

நெஞ்சின் நடுவே பாறையை வைத்தாற்போன்ற அழுத்தம், அது இடக்கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுதல், குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியவை மாரடைப்பின் அறிகுறிகள். நீரிழிவு உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் இவ்வளவு தெளிவாகத் தோன்றாமல், மேல்வயிற்றுச் சங்கடமும் குமட்டலும் சோர்வும் மட்டுமே இருத்தலும் உண்டு. மலேசியாவில் 2019ஆம் ஆண்டு நடைபெற்ற தேசிய உடல்நல ஆய்வில் இந்தியர்களிடையேதான் நீரிழிவு மிகுந்திருந்தது. ஆகவே இச்செய்தி பிறரினும் நமக்கே மிகவும் வேண்டியது. தைலம் தேய்த்து, சோடா குடித்து, 'விடிந்ததும் பார்ப்போம்' என்று படுத்துவிடலாகாது. ஏப்பம் வந்துவிட்டது என்பதும் மாரடைப்பு இல்லை என்பதற்குச் சான்றாகாது. மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995 என்னும் எண்ணை உடனே அழைத்தல் வேண்டும். நோயாளி தாமே மோட்டார் சைக்கிள் ஓட்டிச் செல்லுதல் ஆகாது.

அவ்வாறே, பல நாள் நீங்காத உப்புசம், மலத்தில் இரத்தம், காரணமின்றி உடல் மெலிதல் ஆகியவற்றையும் வாயுவென்று தள்ளிவிடாமல் மருத்துவரிடம் காட்டுதல் கடமை. நடுவயதைக் கடந்த பெண்கள் நீங்காத உப்புசத்தை ஒருபோதும் பொறுத்துக்கொண்டிருத்தல் கூடாது. வயிறு பெருத்து, மலமும் காற்றும் அறவே பிரியாமல், வாந்தியும் எடுத்தால் குடலில் அடைப்பு உண்டென்று கருதி அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பிள்ளைகளிடத்தில் நாம் மிகவும் அஞ்ச வேண்டுவது குடல்வால் அழற்சியாகும். அப்பெண்டிக்ஸ் என்று பலரும் கூறுவது இதனையே. முதலில் தொப்புளைச் சுற்றி வலிக்கும். தாய் அதனை வாயு என்றே எண்ணுவாள். சில மணி நேரத்தில் வலி வலப்பக்க அடிவயிற்றுக்கு இறங்கி அங்கேயே நிலைத்துவிடும். பசி இராது, வாந்தியும் காய்ச்சலும் வரலாம். வாயுவால் வலிக்கும் பிள்ளை, வலி விட்டதும் எழுந்து விளையாடப் போய்விடும். குடல்வால் அழற்சியுற்ற பிள்ளையோ நடக்கவும் இருமவும் அஞ்சிக் காலை மடக்கிக்கொண்டு அசையாமல் கிடக்கும். எல்லாப் பிள்ளைகளுக்கும் இவ்வறிகுறிகள் முறையாகத் தோன்றுவதில்லை. சிறு பிள்ளைகளுக்கு வலி எங்கென்று சொல்லவும் தெரியாது. பள்ளி விடுமுறை வந்தால் பேதிக்குக் கொடுப்பது நம் பழைய வழக்கம். இவ்வலிக்கு விளக்கெண்ணெயோ வேறு பேதி மருந்தோ கொடுத்தால் வீங்கிய குடல்வால் வெடித்துச் சீழ் வயிறெங்கும் பரவக்கூடும். வயிற்றைப் பிசைந்து குடல் தட்டுவதும் கூடவே கூடாது.

ஐயம் எழுந்தவுடன் உணவு எதுவும் கொடுக்காமல் பிள்ளையை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்க. தோட்டம் பட்டணத்திலிருந்து தொலைவில் இருப்பின் நள்ளிரவானாலும் தயங்காமல் நிர்வாகத்தாரை எழுப்பி வண்டி கேட்கலாம். புறப்படுமுன், வலி எத்தனை மணிக்குத் தொடங்கியது, முதலில் எங்கே வலித்தது, இப்பொழுது எங்கே வலிக்கிறது, எத்தனை முறை வாந்தி எடுத்தது, கடைசியாக மலம் கழித்தது எப்பொழுது, என்ன மருந்து கொடுத்தோம் என்பனவற்றை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுதல் நலம். மருத்துவர் முதன்முதலில் கேட்கும் வினாக்கள் இவையே. பெற்றோருக்கு எழுத வராவிடின், நம் பள்ளியில் நான்காம் வகுப்புப் படிக்கும் பிள்ளை அதனை எழுதிக் கொடுக்கும்.