வீட்டை விட்டால் வேலையும் போகிறது: தோல் வட்டாரத்துக்கு அடைக்கல இல்லம் ஏன் தேவை?

வைகாசி முதல் நாள் குடியாத்தம் கோபாலபுரம் கெங்கையம்மன் கோயில் சிரசுத் திருவிழாவுக்கு ஊரே திரளும். கணவன் ஜமதக்கினி ஆணையிட, பெற்ற மகன் பரசுராமனே தலையை வெட்டிய ரேணுகாவின் கதை அது. உயிருக்குப் பயந்து ஓடிவந்த ரேணுகாவை ஊருக்கு வெளியே குடியிருந்த ஒருத்தி கட்டியணைத்துக் காக்கப் பார்த்தாள், வெட்டு அவள் கழுத்திலும் விழுந்தது என்று கதை சொல்வார்கள். ஓடிவருபவளைத் தனியொருத்தி காக்க முயன்றால் என்ன ஆகும் என்பதற்கு இது ஒரு பழைய எச்சரிக்கை. இன்றும் அடி தாங்காமல் பக்கத்து வீட்டுக்கு ஓடும் பெண்ணுக்கு உள்ள ஆபத்து, கதவைத் திறந்துவிடுபவருக்கும் உண்டு. அடைக்கலம் தருவது ஒரு வீட்டுக்காரரின் நல்ல மனதை மட்டும் நம்பி விட்டுவிடக்கூடிய காரியமல்ல. ஊர் சேர்ந்து செய்ய வேண்டியது.

எவ்வளவு பெரிய பிரச்சினை?

தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019-21), தமிழகத்தில் திருமணமான பெண்களில் சுமார் 38 சதவீதத்தினர் கணவரின் வன்முறைக்கு ஆளானதாகச் சொல்லியிருக்கிறார்கள். தேசிய சராசரி 29 சதவீதம். நாடு முழுவதும் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களில் உதவி நாடியவர்கள் வெறும் 14 சதவீதம். 77 சதவீதம் பேர் யாரிடமும் வாயே திறக்கவில்லை.

ஏன் வெளியேற முடிவதில்லை?

‘சம்பாத்தியம் இருந்தால் துணிந்து வெளியே வந்துவிடலாமே’ என்பார்கள். குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆம்பூர் வட்டாரத்துப் பெண்கள் சம்பாதிக்கத்தான் செய்கிறார்கள். பீடி, தீப்பெட்டி, தறி, தோல், ஷூ என்று அவர்கள் கை படாத தொழில் இல்லை. சிக்கல், அந்தச் சம்பாத்தியம் எங்கே நடக்கிறது என்பதில் இருக்கிறது. பீடி சுற்றுபவர் இலையும் தூளும் வாங்கிவந்து வீட்டில் முறத்தை மடியில் வைத்து உட்காருகிறார். ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைப்பவருக்கு ஏஜென்ட் வேலையை வீட்டுக்கே கொண்டுவந்து போடுகிறார்; தைத்து முடித்ததை எண்ணி எடுத்துப் போகிறார். கூலி ஜோடிக் கணக்கு. அந்தப் பெண் ராத்திரியில் வீட்டை விட்டு வெளியேறினால், காலையில் ஏஜென்ட் வந்து நிற்பது கணவர் வீட்டு வாசலில்தான்.

ஷூ கம்பெனிக்குப் போகிறவர்களின் சங்கடம் வேறு. கம்பெனி பஸ் எந்த முனையில், எத்தனை மணிக்கு நிற்கும் என்பது கணவருக்குத் தெரியும். அதற்குப் பயந்து தூரத்து ஊர் இல்லத்தில் போய்ச் சேர்ந்தால் வேலைக்கு வர வழியில்லை. பக்கத்தில் இருந்தால் ஆபத்து, தூரம் போனால் பட்டினி.

அரசு இல்லங்கள் போதாதா?

மாவட்டந்தோறும் ‘சகி’ ஒருங்கிணைந்த சேவை மையம் உண்டு. மருத்துவ உதவி, போலீஸ், வக்கீல், ஆலோசனை எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும். ஆனால் அங்கே தங்குவது அவசரத்துக்குத்தான்; வழக்கமாக ஐந்து நாள் வரை. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமோ, மனு மீதான முதல் விசாரணையைச் சாதாரணமாக மூன்று நாளுக்குள் வைத்து, 60 நாளுக்குள் மனுவை முடிக்க முயலுமாறு மாஜிஸ்திரேட்டிடம் சொல்கிறது. நடைமுறையில் அதையும் தாண்டி வழக்கு இழுக்கும். நீண்ட நாள் தங்குவதற்கான ‘சக்தி சதன்’ இல்லங்கள் எல்லா ஊரிலும் இல்லை. ஓரளவு வளர்ந்த மகன் உடன் இருந்தால் வயது வரம்பு குறுக்கே நிற்கும். பிள்ளையை விட்டுவிட்டு எந்தத் தாய் வருவாள்?

ஊரார் இல்லம் நடத்த முடியுமா?

முடியும், அதற்கு முன்னோடிகளும் உண்டு. மற்ற விடுதிகள் சேர்க்க மறுத்த தேவதாசி குலத்துச் சிறுமிகளை முத்துலட்சுமி ரெட்டி தன் வீட்டில் தங்கவைத்ததுதான் 1930இல் அவ்வை இல்லமாக ஆனது. லண்டனின் சிசிக் பகுதியில் 1971இல் பெண்கள் கூடிப் பேசும் இடமாகத் தொடங்கிய ஒரு சிறு வீடு, அடிபட்டு வந்தவர்களின் புகலிடமானது. கென்யாவில் சம்புரு இனப் பெண்கள் 1990இல் தங்களுக்கென்றே உமோஜா என்ற ஊரை எழுப்பினார்கள். பாசிமணி கோத்து விற்ற காசில் வாழ்கிறார்கள். குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்களுக்காகச் சென்னையில் 2001 முதல் இயங்கும் பிசிவிசி அமைப்பு, இல்லத்தோடு தீக்காயம் பட்ட பெண்களுக்கான தனி மறுவாழ்வுப் பணியையும் நடத்துகிறது.

இங்கே தொடங்க நினைக்கும் மகளிர் குழுவோ ஜமாத்தோ தொழிற்சங்கமோ தெரிந்துகொள்ள வேண்டிய சட்டங்கள் இரண்டு. பதிவு பெற்ற தொண்டு அமைப்பு, 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 10ஆம் பிரிவில் ‘சேவை வழங்குநர்’ என்று மாநில அரசிடம் பதிந்துகொள்ளலாம். பதிந்த பிறகு, நல்லெண்ணத்தோடு அடைக்கலம் தேடிக் கொடுத்ததற்காக யாரும் அந்த அமைப்பின் மீது வழக்குப் போட முடியாது. இல்லம் நடத்துவதற்குத் தமிழ்நாட்டின் 2014ஆம் ஆண்டு விடுதிகள், இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி கலெக்டரிடம் உரிமம் வாங்க வேண்டும்.

எந்த ஊரில் கட்டுவது?

2019இல் வேலூர் மாவட்டம் மூன்றானபோது குடியாத்தம் வேலூரோடு நின்றது. ஆம்பூர் திருப்பத்தூர் பக்கம் போனது. ஆனால் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் மாவட்ட எல்லையில் நின்றுவிடவில்லை. 27ஆம் பிரிவின்படி, பெண் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலோ வேலை பார்க்கும் ஊரிலோகூட மனுப் போடலாம். ஆகவே குடியாத்தத்துப் பெண்ணுக்கு ஆம்பூரில் இடம், ஆம்பூர்ப் பெண்ணுக்குக் குடியாத்தத்தில் இடம் என்று இரண்டு ஊர்களும் மாற்றிக் கொடுக்கலாம். கணவரின் கண்ணுக்கு எட்டாது. கம்பெனியின் வேறொரு பஸ் எட்டும். ஷூ கம்பெனிகள் பஸ் தடத்தை மாற்றிக் கொடுக்கவும், பீடி, தையல் ஏஜென்டுகள் இல்லத்துக்கே வேலை கொடுக்கவும் சம்மதித்தால் போதும். மூன்று அறையும், உட்கார்ந்து தைக்க வெளிச்சமான ஒரு கூடமும் உள்ள வாடகை வீட்டிலேயே தொடங்கிவிடலாம்.

இல்லம் முடிவல்ல, இடைவழிதான். வெளியே வந்ததால் புகுந்த வீட்டில் குடியிருக்கும் உரிமை போய்விடாது. அங்கே திரும்பிப் போவது பாதுகாப்பில்லை என்றால், அதே தரத்தில் மாற்று வீடு பார்த்துத் தரவோ வாடகை கட்டவோ எதிர்த்தரப்புக்கு அதே சட்டத்தின் 19ஆம் பிரிவில் மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். பிரதீப் பாண்டா, பினா அகர்வால் இருவரும் திருவனந்தபுரம் மாவட்டத்தில் நடத்தி 2005இல் வெளியிட்ட ஆய்வில், வீடும் நிலமும் இல்லாத பெண்களில் 49 சதவீதம் பேர் அடிபட்டிருந்தார்கள். இரண்டும் சொந்தமாக இருந்தவர்களில் 7 சதவீதம் பேர்தான். பெண் பெயரில் பட்டா என்று, நிலமற்றவர்களுக்கு நிலம் பெற்றுத் தந்த கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனின் லாஃப்டி இயக்கம் கீழத்தஞ்சையில் பிடிவாதம் பிடித்ததன் அருமை இங்கே விளங்கும்.

உடனே உதவி வேண்டுபவர்கள் 181 என்ற எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம். புகார் எழுதிக் கொடுத்துவிட்டு வா என்று எந்த அடைக்கல இல்லமும் திருப்பி அனுப்பக் கூடாது. வந்தவர் வேண்டாம் என்றால் அவர் அங்கிருப்பதைக் கணவருக்குத் தெரிவிக்கவும் கூடாது. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 2006ஆம் ஆண்டு விதிகளில் 16ஆவது விதி இது. இடம் முதலில், காகிதம் பிறகு.