அப்டேட் பட்டனை அழுத்தும் முன்

பள்ளிக்கூடம், பல் மருத்துவமனை, சிறுபத்திரிகை, அறக்கட்டளை என்று யாருடைய வேர்ட்பிரஸ் தளத்துக்குள் போனாலும் டேஷ்போர்டில் சிவப்பு வட்டத்துக்குள் ஓர் எண் தெரிகிறது. அத்தனை அப்டேட்கள் காத்துக் கிடக்கின்றன என்று பொருள். கேட்டால், "நல்லாத்தானே ஓடுது, எதுக்கு சார் கை வைக்கணும்?" என்கிறார்கள். பிறகு ஒருநாள் கூகுளில் பள்ளியின் பெயரைத் தேடினால் சூதாட்ட விளம்பரம் வருகிறது. அப்போதுதான் தளத்தைக் கட்டிக் கொடுத்தவரின் போன் நம்பரைத் தேடுகிறார்கள்.

இன்னொரு சாரார் யாரோ பயமுறுத்தினார்கள் என்று எல்லாவற்றையும் டிக் செய்து ஒரேயடியாக அழுத்திவிடுகிறார்கள். வெள்ளைத் திரை வருகிறது. பேக்கப் எங்கே என்றால் பதில் இல்லை.

தள்ளிப்போடுவது ஏன் ஆபத்து? ஓட்டையை அடைக்கும் பதிப்பு வெளியானதுமே ஓட்டை எங்கே இருந்தது என்பது திருடனுக்கும் தெரிந்துவிடுகிறது. வேர்ட்பிரஸ் 4.7.2 பதிப்பு 2017 ஜனவரி 26-இல் வந்தது. அதைப் போட்டுக்கொள்ளாத தளங்களில் பிப்ரவரியில் லட்சக்கணக்கான பக்கங்கள் சிதைக்கப்பட்டன. வேர்ட்பிரஸின் சிறு பதிப்புகள் 2013 முதல் தானாகவே ஏறிக்கொள்கின்றன. ஆனால் பெரும்பாலான ஓட்டைகள் பிளகின்களில்தான் இருக்கின்றன. அவற்றுக்குத் தானியங்கி அப்டேட்டை நீங்களேதான் இயக்க வேண்டும்.

முதலில் பேக்கப். அதற்கு இரண்டு பாகம் உண்டு, ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். படங்கள், தீம், பிளகின் எல்லாம் கோப்புகளாக இருக்கின்றன. கட்டுரைகளும் பின்னூட்டங்களும் டேட்டாபேஸில் இருக்கின்றன. ஹோஸ்டிங்கின் கன்ட்ரோல் பேனலுக்குள் போய், ஃபைல் மேனேஜரில் கோப்புகளை ஜிப்பாக இறக்குங்கள். பிஎச்பி-மைஅட்மினில் 'எக்ஸ்போர்ட்' கொடுத்து டேட்டாபேஸை இறக்குங்கள். தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு: இறக்கிய டேட்டாபேஸ் கோப்பை நோட்பேடில் திறந்து, தமிழ் எழுத்து தமிழாகவே தெரிகிறதா என்று பாருங்கள். வரிசையாகக் கேள்விக்குறிகள் தெரிந்தால் அது பேக்கப்பே இல்லை, எழுத்துகள் போய்விட்டன. எழுத்துக் குறியீட்டை யுடிஎஃப்-8 என்று வைத்து மறுபடி இறக்குங்கள். இரண்டையும் உங்கள் கணினியிலோ பென் டிரைவிலோ வையுங்கள். சர்வரிலேயே விட்டுவைத்த பேக்கப் சர்வரோடு சேர்ந்து போகும்.

அடுத்து 'டூல்ஸ்' பகுதியில் 'சைட் ஹெல்த்' பாருங்கள். சர்வரில் எந்த பிஎச்பி ஓடுகிறது என்று அங்கே தெரியும். 7.4-க்கான ஆதரவு 2022 நவம்பரிலேயே முடிந்துவிட்டது, இன்றும் அதிலேயே ஓடும் தளங்கள் உண்டு. பிறகு பிளகின்களை ஒவ்வொன்றாக அப்டேட் செய்யுங்கள், ஒவ்வொன்றுக்கும் பின் தளத்தைத் திறந்து பாருங்கள். வெள்ளைத் திரை வந்தால் பதற வேண்டாம். ஃபைல் மேனேஜரில் அந்த பிளகினின் ஃபோல்டர் பெயரை மாற்றினால் போதும், அது செயலிழந்து தளம் திரும்பும். தீமின் கோப்புகளிலேயே யாராவது நேரடியாக மாற்றம் செய்திருந்தால் தீம் அப்டேட்டில் அதெல்லாம் அழிந்துவிடும். முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

பெரிய பிழை ஏற்பட்டால் வேர்ட்பிரஸ் மீட்புக்கான லிங்க்கை நிர்வாகியின் மின்னஞ்சலுக்கு அனுப்புகிறது. அந்த மின்னஞ்சல் யாருடையது? பல இடங்களில், எப்போதோ வேலையை விட்டுப் போனவருடையது. டொமைனும் அவர் பெயரில், ஹோஸ்டிங் கணக்கும் அவர் பெயரில். பணம் கட்டுவது மட்டும் நீங்கள். இதை இந்த வாரமே சரிசெய்யுங்கள். டொமைன் பதிவு, ஹோஸ்டிங் கணக்கு, நிர்வாகி நிலை லாகின் மூன்றும் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் இருக்க வேண்டும். புதிதாக வேலை கொடுக்கும்போது இதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள், வாய்ப்பேச்சு போதாது. பழையவர் இவற்றை ஒப்படைக்க மறுத்தால் எழுத்தில் கேளுங்கள், பில்களைச் சேர்த்து வையுங்கள். நீங்கள் சொந்தப் பிழைப்புக்காகத் தொழில் செய்கிறவர் என்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். வணிக நோக்கில் பெற்ற சேவை என்று எதிர்த்தரப்பு வாதாடும், அதற்கு ஆவணங்களோடு தயாராக இருங்கள்.

தளம் ஏற்கெனவே ஹேக் செய்யப்பட்டுவிட்டதா? அவசரத்தில் எதையும் அழிக்காதீர்கள். கெட்டுப்போன நிலையிலேயே ஒரு நகலும் சர்வர் லாக் கோப்புகளும் எடுங்கள், அவைதான் சாட்சி. பிறகு எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றுங்கள். நிறுவனங்கள் இத்தகைய ஊடுருவல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரல் 28 உத்தரவு சொல்கிறது. இப்படி ஓர் உத்தரவு இருப்பதே பலருக்குத் தெரியாது. பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். கடைசியாக, கூகுள் சர்ச் கன்சோலில் 'செக்யூரிட்டி இஷ்யூஸ்' பகுதியில் மறுபரிசீலனைக்கு விண்ணப்பியுங்கள். தளத்தை முழுக்கச் சுத்தம் செய்து, அப்டேட்டையும் முடித்த பிறகு மட்டும்.