எந்த அறைக்குப் பக்கத்தில் எந்த அறை?

வீடு கட்டப் போகிறவர்கள் பிளானை மேஜை மேல் விரித்து வைத்துக்கொண்டு சண்டை போடுவது உலக வழக்கம். சமையலறை எந்த மூலையில், பூஜை அறை எந்த மூலையில், பையன் படிப்பதற்கு எந்த அறை என்று ஆரம்பித்தால் சாப்பாட்டு நேரம் தாண்டிவிடும். இந்தச் சண்டையில் பெரும்பாலும் வீட்டு அம்மாளின் பக்கம்தான் நியாயம் இருக்கும். மிக்ஸி ஓடுகிற அறைக்கும் கைக்குழந்தை தூங்குகிற அறைக்கும் நடுவே ஒற்றைச் சுவர் மட்டும் இருந்தால் என்ன கதி என்பது அவளுக்குத்தானே தெரியும்! "நடுவிலே ஒரு சாமான் அறையை வையுங்களேன். அரிசி மூட்டையும் பழைய பெட்டியும் சத்தம் போடாது, சத்தம் போடுகிறதே என்று கோபித்துக் கொள்ளவும் செய்யாது" என்பாள். வீட்டுக்காரர் சிரிப்பார்.

சிரிக்க வேண்டியதில்லை. கற்றறிந்த என்ஜினீயர்கள் பலர் கூடி, 1932-ஆம் ஆண்டில் லண்டன் நகரில் எழுப்பிய ஒரு பெரிய கட்டடத்தில் கையாண்டதும் இதே யோசனைதான். பி.பி.சி. என்று உலகமெல்லாம் அறிந்த பிரிட்டிஷ் ஒலிபரப்பு ஸ்தாபனத்தின் தலைமை இல்லமான 'பிராட்காஸ்டிங் ஹவுஸ்'தான் அந்தக் கட்டடம்.

அதற்குள் எத்தனை ஸ்டூடியோக்கள் என்று நினைக்கிறீர்கள்? இருபத்திரண்டு! ஒன்றில் பாதிரியார் மெல்லிய குரலில் பிரார்த்தனை செய்வார். இன்னொன்றில் ஹாஸ்ய நடிகர் ஒருவர் சபையோரை விலா நோகச் சிரிக்க வைத்துக் கொண்டிருப்பார். மற்றொன்றில் பித்தளை வாத்தியங்கள் முழங்கும். வேறொன்றில் ஒரு பெரிய மனிதர் நாற்காலியில் சாய்ந்து, நம்மோடு தனியே பேசுவது போலப் பேசுவார். அந்த நாளில் முன்கூட்டிப் பதிவு செய்து வைத்துக்கொள்வது அபூர்வம். பேசுவதும் பாடுவதும் அந்தக் கணமே காற்றில் ஏறிப் போய்விடும். பிரார்த்தனைக்கு நடுவில் அடுத்த அறைச் சிரிப்பு ஒரு துளி கசிந்தால் போதும், லட்சக்கணக்கான வீடுகளில் அது கேட்டுவிடும். அழித்துவிட்டு மறுபடி பதிவு செய்யலாம் என்ற பேச்சுக்கே இடம் இல்லை.

சரி, மனையாவது வசதியாக அமைந்ததா என்றால் அதுவும் இல்லை. போர்ட்லண்ட் பிளேஸ் என்ற பெரிய வீதியின் ஓரத்தில், நீண்டு வளைந்த ஒரு துண்டு நிலம். பஸ்களும் கார்களும் ஓயாமல் போகிற இடம். கட்டடக் கலைஞர் வால் மையரும் பி.பி.சி.யின் என்ஜினீயர் டட்ஸ்பரியும் அந்தத் துண்டு நிலத்தில் இரண்டு விதமான மனிதர்களைக் குடியேற்ற வேண்டியிருந்தது. ஒரு சாரார் ஆபீஸில் வேலை செய்கிறவர்கள். அவர்களுக்கு ஜன்னல் வேண்டும். வெளிச்சமும் காற்றும் வேண்டும். கொஞ்சம் தெருச் சத்தம் கேட்டால் குற்றமில்லை. மற்றொரு சாரார் ஸ்டூடியோக்காரர்கள். அவர்களுக்கு நிசப்தம் வேண்டும், ஜன்னலே கூடாது.

சாதாரணமாக என்ன செய்வார்கள்? இடப் பக்கம் ஆபீஸ், வலப் பக்கம் ஸ்டூடியோ என்று பாகப் பிரிவினை செய்து கொடுப்பார்கள். இவர்கள் அப்படிச் செய்யவில்லை. ஒரு தேங்காயை நினைத்துக் கொள்ளுங்கள். வெளியே நார், அதற்குள் ஓடு, அதற்குள் பருப்பு. ஆபீஸ் அறைகளையெல்லாம் கட்டடத்தின் வெளிச் சுற்றில் நாராக வைத்தார்கள். நடுவே தடித்த செங்கல் சுவர்களால் ஒரு கோபுரம் எழுப்பினார்கள். ஸ்டூடியோக்கள் அந்தக் கோபுரத்துக்குள் அடங்கின. தெருவின் இரைச்சல் முதலில் ஆபீஸ்களைத் தாண்ட வேண்டும். பிறகு செங்கல்லைத் தாண்ட வேண்டும். அதற்குள் அதற்கு மூச்சு வாங்கிவிடும்.

கோபுரத்தில் இரும்புச் சட்டத்தைக் கூடியவரை விலக்கினார்கள். காரணம் நமக்குத் தெரியாததல்ல. ரயில் வருகிறதா என்று அறியத் தண்டவாளத்தில் காதை வைத்துப் பார்க்கும் சிறுவனைக் கேட்டால் அவனே சொல்லிவிடுவான், இரும்பு எவ்வளவு தூரம் ஒலியைச் சுமந்து வரும் என்று. செங்கல் மந்தபுத்தி உள்ளது. கேட்டதை அவ்வளவு சுலபமாக அடுத்தவரிடம் சொல்லாது.

பக்கத்து அறைச் சத்தம் இப்படி அடங்கியது. மேல் அறைச் சத்தம்? அடுக்கு மாடி வீட்டில் குடியிருக்கிறவர்களுக்கு இந்தத் துன்பம் புரியும். மேல் வீட்டுப் பையன் ஒரு கோலிக் குண்டை உருட்டினால் கீழ் வீட்டில் இடி உருளும். எட்டு மாடிக் கோபுரத்தில் ஸ்டூடியோ மேல் ஸ்டூடியோவாக அடுக்கினால் என்ன ஆகும்! இங்கேதான் அந்தச் 'சாமான் அறை' யோசனை வருகிறது. ஸ்டூடியோத் தளங்களுக்கு இடையிடையே நூலகம், சங்கீதக் குறிப்பு ஏடுகள் வைக்கும் அறை போன்றவற்றைப் புகுத்தினார்கள். அலமாரி அலமாரியாகக் காகிதம். புத்தகத்தைப் போல மௌனமான அண்டை வீட்டுக்காரர் வேறு யார்? முழக்கம் அதிகமான வாத்திய கோஷ்டிக்குக் கோபுரத்தின் உச்சியில் எட்டாவது மாடியைக் கொடுத்தார்கள். பெரிய கச்சேரி மண்டபத்தை அடித்தளத்துக்கு இறக்கினார்கள். அமைதியான பேச்சு அறைகள் நடுவில் பிழைத்தன.

இந்தக் கோபுர யோசனைக்குக் கொடுத்த விலை காற்று. ஜன்னலே இல்லாத அறைக்குள் மனிதர் உட்கார வேண்டுமே! வெளிக் காற்றை இழுத்து, கழுவி, பதப்படுத்தி, பெரிய குழாய்கள் வழியே அறை அறையாக அனுப்பினார்கள். இதில் ஒரு சங்கடம் உண்டு. காற்று போகிற வழியில் பேச்சும் போகும். சுவருக்கு ஆயிரம் பவுன் செலவழித்து, குழாயைக் கவனிக்காமல் விட்டால் ஓர் அறையின் ரகசியம் குழாய் வழியே அடுத்த அறைக்கு நடந்து போய்விடும். ஆகவே ஸ்டூடியோக்களின் காற்றுக் குழாய்களுக்கு உள்ளே ஒலியை விழுங்கும் மெத்தை போன்ற பொருளைப் பதிப்பதும், குழாயை வளைத்துத் திருப்பிக் கொண்டு போவதும் வழக்கம்.

கதவும் அப்படித்தான். எத்தனை கனமான கதவானாலும் அடியில் ஒரு விரல் கனம் இடைவெளி இருந்தால் பயன் இல்லை. எனவே ஸ்டூடியோவுக்கு ஒற்றைக் கதவு உதவாது. ஒரு கதவு, சின்ன நடை, மறுபடி ஒரு கதவு. முதல் கதவு மூடிய பிறகுதான் இரண்டாவதைத் திறப்பது மரியாதை. இந்த நடைக்கு வேண்டிய இடத்தை முதலிலேயே பிளானில் ஒதுக்காவிட்டால், பிறகு அறையிலிருந்துதான் வெட்டி எடுக்க வேண்டும்.

அறையின் வடிவம் பற்றியும் ஒரு வார்த்தை. பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரம் என்று பெட்டி போல ஓர் அறை கட்டினால் பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். ஆனால் ஒலி வினாடிக்குச் சுமார் 1,130 அடி ஓடுகிறது. பத்தடிச் சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்குப் போய்த் திரும்ப இருபது அடி. வினாடிக்கு ஐம்பத்தாறு தடவை போய் வரும். அந்த அதிர்வுள்ள கீழ் ஸ்வரம் எதுவானாலும் அந்த அறையில் வீங்கும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றேயானால் மூன்று திசையிலும் அதே ஸ்வரம் வீங்கி, அறை ஒரு பானை போல உறுமும். அதனால்தான் ஸ்டூடியோ கட்டுகிறவர்கள் மூன்று அளவையும் வேறு வேறாக வைக்கிறார்கள்.

நாடகங்களுக்கு அவர்கள் செய்த ஏற்பாடு இன்னும் வேடிக்கை. ஒரே நாடகத்துக்குப் பல ஸ்டூடியோக்கள்! வசனம் பேசுகிறவர்கள் ஓர் அறையில், கூட்டத்தின் ஆரவாரம் இன்னோர் அறையில், வாத்தியங்கள் மற்றோர் அறையில். மழையும் குதிரைக் குளம்பும் அலையோசையும் உண்டாக்குவதற்கென்றே தனி அறை. எல்லா ஒலியும் கம்பி வழியாக ஒரு மேஜைக்கு வந்து சேரும். தயாரிப்பாளர் அதன் முன் அமர்ந்து, குமிழ்களைத் திருகி, எது எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு கலப்பார். சாம்பாரில் உப்பும் புளியும் சேர்ப்பது போல என்று வைத்துக் கொள்ளுங்களேன். நடிகர்களை அவர் பார்க்க முடியாது. ஒரு சின்ன விளக்கு எரிந்தால் 'இப்போது பேசு' என்று அர்த்தம்.

புத்திசாலித்தனமான ஏற்பாடுதான். ஆனாலும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் காதல் வசனம் பேசுவது எவ்வளவு கஷ்டம்! சென்னை சினிமாப் பாட்டுப் பதிவில் பாடகியைத் தனிக் கூண்டில் நிறுத்தினாலும், நடுவே ஒரு கண்ணாடி வைத்து, வாத்திய கோஷ்டியை நடத்துகிறவரின் கை அசைவு தெரியும்படி செய்தார்களே, அது மேல் என்று தோன்றுகிறது. சத்தம் போகக் கூடாது, பார்வை போக வேண்டும். பல அறை ஸ்டூடியோவில் பிளான் போடுகிறவருக்குத் தலைவலி தருவது இதுதான்.

இவ்வளவு யோசித்தவர்கள் இரண்டு விஷயங்களில் தோற்றார்கள்.

ஒன்று, பூமிக்கு அடியில். போர்ட்லண்ட் பிளேஸுக்குக் கீழே 1906 முதலே பேக்கர்லூ சுரங்க ரயில் ஓடிக்கொண்டிருக்கிறது. தெருச் சத்தத்திலிருந்து காப்பாற்றுவதற்காகக் கச்சேரி மண்டபத்தைக் கீழே இறக்கினார்கள் அல்லவா? இறக்க இறக்க அது ரயிலுக்குப் பக்கத்து வீடாகிவிட்டது. நாலு பக்கமும் வேலி போட்டவர்களை எலி தரைக்கடியில் வந்து பார்த்தது.

இரண்டாவது, அளவு. பி.பி.சி. தனக்கென்று 1930-ல் ஒரு பெரிய வாத்திய கோஷ்டியை நிறுவியது. ஏட்ரியன் போல்ட் தலைமையில் 114 பேர். கட்டடம் திறந்தபோது பார்த்தால், முழு கோஷ்டியும் தாராளமாக உட்கார்ந்து வாசிக்க அந்த மண்டபம் போதவில்லை! மண்டபத்தைப் பெரிதாக்கலாம் என்றால் சுற்றிலும் ஆபீஸும் கோபுரமும் இறுக்கிப் பிடித்திருக்கின்றன. தேங்காய்க்குள் பருப்பு மட்டும் தனியே வளர முடியுமா? கடைசியில் 1934-ல் கோஷ்டி மைடா வேல் என்ற பேட்டைக்குக் குடி போயிற்று. அங்கே கிடைத்த இடம் எது தெரியுமா? காலில் சக்கரம் கட்டிக்கொண்டு ஓடி விளையாடுவதற்காக 1909-ல் கட்டிய நீண்ட கூடம்! வாத்தியக்காரர்களுக்கு அது பிடித்துப் போயிற்று. 2023-ல் பி.பி.சி. அதை விற்றபோது வாங்கியவர்களில் ஒருவர் ஹாலிவுட் இசையமைப்பாளர் ஹான்ஸ் ஸிம்மர்.

1940-ஆம் வருஷம் அக்டோபர் 15-ஆம் தேதி இரவு. லண்டன் மீது ஜெர்மன் விமானங்கள் குண்டு பொழிந்த காலம். ஒரு குண்டு கட்டடத்தில் பாய்ந்து, ஐந்தாவது மாடியில் சங்கீத ஏடுகள் இருந்த நூலகத்தில் வந்து தங்கியது. உடனே வெடிக்கவில்லை. ஒன்பது மணிச் செய்தியை புரூஸ் பெல்ஃப்ரேஜ் வாசித்துக் கொண்டிருக்கையில் வெடித்தது. யுத்தத்தை முன்னிட்டுச் செய்தி அறையை நிலவறைக்கு மாற்றியிருந்தார்கள். நேயர்களுக்கு மந்தமாக 'தொம்' என்று ஓர் ஓசை கேட்டது. பெல்ஃப்ரேஜ் ஒரு கணம் நிறுத்தினார். மேலே விழுந்த காரையும் கரியுமாக, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து வாசித்தார். மேலே ஊழியர்கள் ஏழு பேர் இறந்து போனது வீடுகளில் கேட்டுக்கொண்டிருந்த யாருக்கும் அப்போது தெரியாது.

கட்டடம் பிழைத்தது. பிற்காலத்தில் கோபுரத்தின் உட்புறத்தைப் புதுப்பித்தபோது, ஸ்டூடியோக்களைப் பெட்டிக்குள் பெட்டியாக, வெளிச் சுவரில் ஒட்டாமல் மிதக்க விட்டார்கள். அடித்தளத்துக் கச்சேரி மண்டபத்துக்கு இப்போது 'ரேடியோ தியேட்டர்' என்று பெயர். சபையோரை உட்கார வைத்து ஹாஸ்ய நிகழ்ச்சிகள் பதிவு செய்கிறார்கள். பேக்கர்லூ ரயிலின் உறுமல் இன்னமும் கீழேயிருந்து எட்டிப் பார்க்கிறது. சபை சிரிக்கும் சமயமாகப் பார்த்து அது வந்தால் ஒருவருக்கும் தொந்தரவில்லை.